முதல் பழைய கார் வாங்குதல் (பெசன்ட் நகர், சென்னை)

பழைய கார் வாங்குதல் என்பது, ஏற்கெனவே ஒருவர் பெயரில் பதிவாகி ஓடிய மகிழுந்தை மற்றொருவர் விலை கொடுத்து வாங்கித் தம் பெயருக்கு மாற்றிக்கொள்வதைக் குறிக்கும். பேச்சு வழக்கில் இது ‘செகண்ட் ஹேண்ட் கார்’ எனப்படுகிறது. குறைந்த பணத்தில் முதன்முதலாகக் கார் வாங்கும் குடும்பங்களில் பல இந்த வழியையே நாடுகின்றன. சேமிப்பில் பெரும்பகுதி ஒரே நாளில் கைமாறுவதாலும், வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுக்கும் வாய்ப்பு அரிது என்பதாலும், வாங்குவதற்கு முன் செய்யும் சோதனையே வாங்குபவருக்கு இருக்கும் முதன்மையான பாதுகாப்பு ஆகும்.

இக்கட்டுரை தென் சென்னையில், குறிப்பாகக் கடலோரப் பகுதியான பெசன்ட் நகரில், சிறிய பெட்ரோல் கார் ஒன்றை வாங்குவதை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது. கடற்காற்றால் வரும் துரு, மழை வெள்ளத்தில் நின்ற வண்டிகள், வேற்று மாநிலப் பதிவு ஆகிய மூன்றும் இப்பகுதியில் வாங்குபவர் கூடுதலாகக் கவனிக்க வேண்டியவை.

பின்னணி

இந்தியாவில் நடுத்தரக் குடும்பங்களின் கார் என்னும் எண்ணம் 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800-உடன் பரவலானது. அதன் உற்பத்தி 2014 தொடக்கத்தில் நின்றது. சென்னையைச் சுற்றியே பல கார் தொழிற்சாலைகள் அமைந்தன. திருப்பெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் தொழிற்சாலை அமைத்து 1998-இல் சான்ட்ரோ காரை அறிமுகப்படுத்தியது. மறைமலை நகரில் ஃபோர்டு, ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆகியவை கார்களைத் தயாரித்தன. மாருதி ஆல்டோ, வேகன் ஆர், ஹூண்டாய் சான்ட்ரோ, ஐ10, இயான், ரெனோ க்விட் போன்ற சிறிய கார்கள் நகரின் பழைய கார் சந்தையில் எளிதில் கிடைக்கின்றன.

பெசன்ட் நகர், திருவான்மியூரில் உள்ள சென்னை தெற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எல்லைக்குள் வருகிறது. இங்குப் பதிவாகும் வண்டிகளின் எண் டி.என். 07 எனத் தொடங்கும். முதியோர் தனித்து வாழும் வீடுகளிலிருந்தும், பிள்ளைகள் வெளிநாட்டில் குடியேறிய வீடுகளிலிருந்தும் குறைவாக ஓடிய கார்கள் இப்பகுதியில் விற்பனைக்கு வருவதுண்டு. இவை நல்ல வண்டிகளாக இருக்கக்கூடும். ஆனால் குறைவாக ஓடியது என்பது மட்டும் நற்சான்று ஆகாது. நெடுநாள் நின்ற வண்டியில் ரப்பர் உறைகள் இறுகிப்போகும், டயர் வெடிப்பு விடும், பேட்டரி செயலிழக்கும், பெட்ரோல் தொட்டியிலும் பிரேக்கிலும் துரு சேரும்.

பணக்கணக்கு

கையில் உள்ள பணம் முழுவதையும் காரின் விலைக்கே கொடுத்துவிடுவது, முதல் முறை வாங்குபவர் தவிர்க்க வேண்டிய முதல் பிழை. பெயர் மாற்றம், காப்பீடு, உடனடிப் பழுதுகள் ஆகியவற்றுக்குப் பணம் ஒதுக்கிய பின் மிஞ்சுவதே காரின் விலை. இரண்டு லட்சம் ரூபாய் வைத்திருப்பவருக்கான மாதிரிக் கணக்கு ஒன்று:

காரின் விலை: 1,50,000 ரூபாய்
காப்பீடும் பெயர் மாற்றமும்: 10,000 ரூபாய்
டயர், பேட்டரி, ஆயில், பெல்ட், பிரேக் வேலைகள்: 28,000 ரூபாய்
எதிர்பாராத செலவுக்குக் கையிருப்பு: 12,000 ரூபாய்

நான்கு டயரும் புதிதாக உள்ள வண்டிக்கு மூன்றாம் வரி குறையும். தேய்ந்த டயருடன் வரும் வண்டிக்கு அதே தொகையை விலையில் குறைத்துக் கேட்கலாம்.

கடன் வாங்குவோர் வட்டி விழுக்காட்டை மட்டும் பார்க்கக் கூடாது. அது எந்த முறையில் கணக்கிடப்படுகிறது என்பதையும் கேட்க வேண்டும். ஒரு லட்சம் ரூபாயை 14 விழுக்காடு வட்டியில் மூன்று ஆண்டுகளுக்கு வாங்குவதாகக் கொள்வோம். குறையும் அசலுக்கு வட்டி என்றால் மாதத் தவணை ஏறத்தாழ 3,418 ரூபாய்; மொத்தம் கட்டுவது ஏறத்தாழ 1,23,000 ரூபாய். அதே 14 விழுக்காடு முழு அசலுக்கும் கடைசி வரை கணக்கிடப்படும் ‘ஃபிளாட்’ வட்டி என்றால் மொத்தம் 1,42,000 ரூபாய் ஆகிவிடும். சொல்லப்படும் எண் ஒன்றே. செலவில் 19,000 ரூபாய் வேறுபாடு.

மாதச் செலவையும் முன்கூட்டியே கணக்கிடுதல் நல்லது. மாதம் 600 கிலோமீட்டர் ஓடி, லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்கு 40 லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,000 ரூபாய். இதைத் தாங்க முடியாத நிலையில் மலிவாகக் கிடைத்த காரும் சுமையாகும்.

விலையை மதிப்பிடக் காப்பீட்டுத் துறையின் தேய்மான அட்டவணை ஓரளவு உதவும். அதன்படி புதிய விலையிலிருந்து ஆறு மாதத்துக்கு மேல் ஓராண்டு வரை 15, இரண்டாம் ஆண்டில் 20, மூன்றாம் ஆண்டில் 30, நான்காம் ஆண்டில் 40, ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு கழிக்கப்படுகிறது. ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிக்குக் காப்பீட்டு நிறுவனமும் உரிமையாளரும் பேசி மதிப்பை முடிவு செய்கின்றனர். சந்தை விலை இதிலிருந்து மாறும். தேவை மிகுந்த மாருதி, ஹூண்டாய் வண்டிகள் இதைவிடக் கூடுதலாகவும், உற்பத்தி நின்றுபோன வண்டிகள் குறைவாகவும் விலைபோகும்.

எந்த வண்டியைத் தேர்ந்தெடுப்பது

குறைந்த பணத்தில் வாங்குபவருக்கு வண்டியின் அழகைவிட உதிரிப்பாகம் கிடைப்பது முக்கியம். தெருமுனை மெக்கானிக்கும் அறிந்த, உதிரிப்பாகம் எங்கும் கிடைக்கும் வண்டியே நீண்ட காலத்தில் மலிவானது. செவ்ரோலே கார்களின் விற்பனை இந்தியாவில் 2017 இறுதியில் நின்றது. ஃபோர்டு தன் உற்பத்தியை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. டாட்சன் பெயரிலான கார்கள் 2022-இல் நிறுத்தப்பட்டன. இவற்றின் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கும். ஓட்டத்திலும் குறை இராது. ஆனால் வாங்குவதற்கு முன் முகப்பு விளக்கு, பம்பர், கிளட்ச் போன்றவற்றின் விலையையும் கிடைக்கும் காலத்தையும் விசாரிக்க வேண்டும். சென்னையில் புதிய உதிரிப்பாகங்களுக்கு ஜி.பி. சாலையும், கழற்றிய பழைய பாகங்களுக்குப் புதுப்பேட்டையும் பெயர் பெற்றவை.

நகருக்குள் குறைந்த தொலைவு ஓடுபவருக்குப் பெட்ரோல் வண்டியே பொருந்தும். டீசல் எஞ்சினின் இஞ்செக்டர், டர்போ போன்ற பாகங்கள் விலை மிக்கவை. 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிக்கு உட்பட்ட டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உள்ளது. எஞ்சின் நன்கு சூடாகும் அளவுக்கு ஓடாமல் சிறு தொலைவே ஓடினால் அது அடைத்துக்கொள்ளும். பின்னர் சேர்க்கப்பட்ட எரிவாயு கிட் உள்ள வண்டி என்றால், அது பதிவுச் சான்றில் பதிவாகியிருக்க வேண்டும்.

பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பு இப்போது பரவலாகிவிட்டது. 2023 ஏப்ரல் முதல் தயாரிக்கப்பட்ட கார்களின் பாகங்கள் இதற்கேற்ப அமைக்கப்பட்டன. அதற்கு முந்தைய வண்டிகளில் எரிபொருள் குழாய், ரப்பர் வளையம் ஆகியவற்றில் கசிவு உள்ளதா எனப் பார்த்து, தேவையானால் மாற்றிக்கொள்வது நல்லது.

பாதுகாப்பு வசதிகளில் உற்பத்தி ஆண்டு பெரும் வேறுபாட்டை ஏற்படுத்துகிறது. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் அனைத்திலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமானது. 2019 ஜூலை முதல் ஓட்டுநர் பக்கக் காற்றுப்பையும், 2022 தொடக்கம் முதல் முன்னிருக்கைப் பயணிக்கான காற்றுப்பையும் கட்டாயமாயின. விலையில் சிறு வேறுபாடு மட்டுமே இருக்கும் இரண்டு வண்டிகளில், இந்த எல்லைக்குப் பிந்தையதைத் தேர்ந்தெடுப்பது குடும்பத்தின் உயிருக்குக் காப்பு. அதற்கு முந்தைய வண்டிகளிலும் உயர்ந்த வகைகளில் இவ்வசதிகள் இருந்ததுண்டு. வண்டியைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் தகுதிச் சோதனைக்கு உட்படுத்தி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். பேச்சு வழக்கில் இதனை ‘எஃப்.சி. காட்டுதல்’ என்பர். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்த கார்களுக்கு 2025 ஆகஸ்டில் இது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. ஆகவே 13, 14 ஆண்டு ஆன வண்டியை வாங்குபவர் இச்செலவையும், சோதனையில் தேறுவதற்கான டிங்கரிங், பெயின்டிங் செலவையும் விலையோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

எங்கே வாங்குவது

உரிமையாளரிடம் நேரடியாக வாங்கும்போது இடைத்தரகு இல்லை. வண்டியின் கதையையும் நேரில் கேட்கலாம். ‘ஆட்டோ கன்சல்டிங்’ எனப்படும் வணிகர்களிடம் ஒரே இடத்தில் பல வண்டிகளை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். தரகும் இலாபமும் விலையில் அடங்கும். கார் நிறுவனங்களே நடத்தும் பழைய கார் விற்பனையகங்களிலும் இணையவழி நிறுவனங்களிலும் சில வண்டிகளுக்குக் குறிப்பிட்ட கால உத்தரவாதம் கிடைக்கும்; விலை கூடுதலாக இருக்கும். உத்தரவாதம் எந்தெந்தப் பாகங்களுக்கு என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த ஒன்றிய மோட்டார் வாகன விதிகளின்படி, பழைய வண்டி வணிகர் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். உரிமையாளர் தம் வண்டியை வணிகரிடம் ஒப்படைத்ததைப் படிவம் 29சி மூலம் தெரிவித்ததும், வண்டிக்கு அந்த வணிகரே பொறுப்பாளர் ஆகிறார். அங்கீகாரச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை. பதிவு பெற்ற வணிகர் பழைய கார் விற்கும்போது அவருடைய இலாபத்தின் மீது 18 விழுக்காடு சரக்கு, சேவை வரி விதிக்கப்படுகிறது. தனியாள் தம் சொந்தக் காரை மற்றொரு தனியாளுக்கு விற்பதற்கு இவ்வரி இல்லை.

கடற்காற்றும் துருவும்

எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய தெருக்களில் காற்றோடு வரும் உப்புத்துளிகள் உலோகத்தில் படிந்து, ஈரத்தை ஈர்த்து, துருவை விரைவுபடுத்துகின்றன. மேல் பெயின்ட் பளபளப்பாக இருந்தாலும் அடிப்பகுதி அரித்திருக்கலாம். பார்க்க வேண்டிய இடங்கள்:

கதவுகளின் கீழ் விளிம்பு, கதவுக்குக் கீழ் ஓடும் அடிச்சட்டம்
சக்கர வளைவுகளின் உட்புறம்
பேட்டரி வைக்கும் தட்டும் அதன் அடிப்பகுதியும்
பானெட்டுக்குள் முன் சஸ்பென்ஷன் பொருந்தும் மேடை
தரைத்தகடு, சைலன்சர், பிரேக் குழாய்கள்
டிக்கியில் ஸ்டெப்னி வைக்கும் குழி

மேலோட்டமான துருவைத் தேய்த்து நீக்கிப் பெயின்ட் அடிக்கலாம். விரலால் அழுத்தினால் உள்வாங்கும் தகடும், ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டும்போது மந்தமாக ஒலித்து உதிரும் தகடும் வேறு வகை. அடிச்சட்டத்திலோ சஸ்பென்ஷன் மேடையிலோ ஓட்டை விழுந்த வண்டி, எவ்வளவு மலிவாக வந்தாலும் விட்டுவிட வேண்டியது. விபத்தில் குடும்பத்தைத் தாங்க வேண்டிய பகுதி அதுவே.

துருவைப் பட்டி வைத்து மூடியிருப்பதைக் கண்டறிய எளிய வழி, மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம். இரும்புத் தகட்டில் ஒட்டும் காந்தம், பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் ஒட்டாது. பிளாஸ்டிக் பம்பருக்கு இச்சோதனை பொருந்தாது.

ஏ.சி.யின் கண்டன்சர் அலுமினியத்தால் ஆனது. முன் கிரில்லுக்குப் பின்னால் காற்றை நேரே எதிர்கொள்வது. கடலோர வண்டிகளில் இதன் தகடுகள் பொடிந்து வாயு கசியும். ‘காஸ் மட்டும் போட்டால் போதும்’ என்று விற்பவர் சொன்னால், கசிவு எங்கே என்று கேட்க வேண்டும். சென்னை வெயிலில் ஏ.சி. வேலை செய்யாத கார் பாதி விலைக்கும் வீட்டுக்குப் பயன்படாது.

வெள்ளத்தில் நின்ற வண்டி

2015 டிசம்பர் தொடக்கத்தில் அடையாற்றில் பெருக்கெடுத்த வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை முதலிய பகுதிகளை மூழ்கடித்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரி, பள்ளிக்கரணை உள்ளிட்ட பகுதிகளில் பல வண்டிகள் நீரில் நின்றன. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தவுடன் மக்கள் தம் கார்களை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியது இந்தப் பட்டறிவால்தான்.

நீரில் நின்ற காரின் எஞ்சினை இயக்கினால், காற்றுக்குழாய் வழியே சிலிண்டருக்குள் புகும் நீர் பிஸ்டனைத் தடுக்கிறது. காற்றைப் போல நீரை அழுத்த முடியாது. ஆகவே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைகிறது. எஞ்சினைப் பழுது பார்த்த பின்னும் மின்கம்பி இணைப்புகளில் தங்கிய ஈரம் மாதக்கணக்கில் அரிப்பை உண்டாக்கும். காற்றுப்பையின் கட்டுப்பாட்டுப் பெட்டி பல கார்களில் தரையை ஒட்டி இருப்பதால் அதுவும் பாதிக்கப்படலாம்.

இத்தகைய வண்டியை இனங்காண உதவும் அடையாளங்கள்: தரைவிரிப்பைத் தூக்கினால் காணும் வண்டல், இருக்கைத் தண்டவாளத்திலும் டேஷ்போர்டின் அடியிலுள்ள திருகுகளிலும் துரு, சீட் பெல்ட்டை முழுவதும் இழுத்தால் தெரியும் நீர்க்கறைக் கோடு, விளக்குகளுக்குள் பனிமூட்டம், ஃபியூஸ் பெட்டியில் பச்சை படிந்த இணைப்புகள், மணமூட்டியால் மறைக்கப்பட்ட புழுங்கல் நாற்றம். பழைய காரில் புத்தம் புதிய தரைவிரிப்பும் இருக்கை உறையும் இருந்தால் காரணம் கேட்க வேண்டும்.

முந்தைய காப்பீட்டு ஆவணங்களும் கதை சொல்லும். இழப்பீடு கோராத ஆண்டுகளுக்குக் காப்பீட்டில் 20, 25, 35, 45, 50 விழுக்காடு எனத் தள்ளுபடி ஏறிக்கொண்டே போகும். 2023-இல் 45 விழுக்காடு இருந்த தள்ளுபடி 2024-இல் சுழியம் ஆகியிருந்தால், இடையில் இழப்பீடு கோரப்பட்டிருக்கலாம், காப்பீடு புதுப்பிக்கப்படாமல் 90 நாளுக்கு மேல் விடுபட்டிருக்கலாம், வண்டி கைமாறியிருக்கலாம். எதுவாயினும் விளக்கம் பெற்ற பிறகே மேலே பேச வேண்டும். பதிவு முகவரியை வைத்து முடிவு செய்யவும் கூடாது. பெசன்ட் நகர் முகவரியில் பதிவான கார் வேளச்சேரியில் நின்றிருக்கலாம்.

விபத்தும் கிலோமீட்டரும்

பகல் வெளிச்சத்தில், காய்ந்த நிலையில் வண்டியைப் பார்க்க வேண்டும். கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடைவெளி இருபுறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம், ஒரு கதவில் மட்டும் வேறு சாயல், ரப்பர் ஓரங்களில் சிதறிய பெயின்ட் ஆகியவை டிங்கரிங் நடந்ததைக் காட்டும். கண்ணாடிகளில் பொறித்துள்ள ஆண்டுக் குறிப்பில் ஒன்று மட்டும் வேறுபட்டால் அது மாற்றப்பட்டது. வாகன நெரிசல் மிகுந்த நகரில் சிறு உரசல்கள் இயல்பு. முன் சட்டமும் தூண்களும் வளைந்து நிமிர்த்தப்பட்டதா என்பதே கேள்வி.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு எண்கள் தயாரித்த வாரத்தையும் ஆண்டையும் குறிக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். மீட்டர் 25,000 கிலோமீட்டர் காட்ட, டயர்கள் இரண்டாவது முறை மாற்றப்பட்டிருந்தால் கணக்கு உதைக்கிறது. பெடல் ரப்பர், ஸ்டியரிங், ஓட்டுநர் இருக்கை ஆகியவற்றின் தேய்மானத்தையும், சர்வீஸ் ரசீதுகளில் எழுதப்பட்ட கிலோமீட்டரையும் மீட்டரோடு ஒப்பிட வேண்டும். நிறுவன சர்வீஸ் மையங்களில் வண்டியின் முந்தைய பதிவுகளை உரிமையாளர் கேட்டுப் பெறலாம். அதை வாங்கித் தரத் தயங்கும் உரிமையாளரிடம் வாங்குபவரும் தயங்குவதே முறை.

எஞ்சினும் ஓட்டமும்

வண்டியைப் பார்க்கப் போகும் முன் எஞ்சினை இயக்கி வைக்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும். குளிர்ந்த எஞ்சின்தான் குறையை மறைக்காது. புறப்படும்போது நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் எரிகிறது. சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை நின்றால் கூலன்ட் உள்ளே கசிகிறது. கரும்புகை எரிபொருள் மிகுதியைக் காட்டும். ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் பால்கோவா போன்ற படிவு இருந்தால் ஆயிலுடன் நீர் கலந்திருக்கக்கூடும். கூலன்ட் தொட்டியில் செந்நிறத் துருநீர் இருந்தால் வெறும் குழாய்த்தண்ணீர் ஊற்றி ஓட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

ஓட்டிப் பார்ப்பதற்கு அரைமணி நேரமாவது வேண்டும். பெசன்ட் நகரின் உட்தெருக்களில் வேகத்தடைகளைக் கடந்தால் சஸ்பென்ஷன் ஒலி கேட்கும். லாட்டிஸ் பாலச் சாலை நெரிசலில் கிளட்ச், எஞ்சின் வெப்பம், ஏ.சி. ஆகியவை தெரியும். திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேகம் எடுத்தால் ஸ்டியரிங் அதிர்வும் பிரேக் ஒருபுறம் இழுப்பதும் புலப்படும். மூன்றாம் கியரில் குறைந்த வேகத்திலிருந்து முடுக்கும்போது எஞ்சின் ஒலி மட்டும் உயர்ந்து வேகம் கூடவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்துள்ளது.

சாவியைத் திருப்பியதும் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து, எஞ்சின் இயங்கியதும் அணைய வேண்டும். தொடக்கத்திலேயே எரியாத காற்றுப்பை விளக்கு, கழற்றப்பட்டதாக இருக்கலாம். டைமிங் பெல்ட் உள்ள எஞ்சின்களில் அது எப்போது மாற்றப்பட்டது என்பதற்கு ரசீது இல்லையெனில், மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச வேண்டும்.

இவை எல்லாம் சரியாக இருந்தாலும், விற்பவருக்கு அறிமுகமில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கூலி கொடுத்து வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பார்ப்பது அவசியம். ஸ்கேனர் கருவி எஞ்சினில் பதிவான பிழைக்குறிகளைக் காட்டும். இதற்கு ஆகும் சில நூறு ரூபாய் அல்லது ஆயிரம் ரூபாய், இந்தக் கொள்முதலில் மிகவும் பயன் தரும் செலவு.

ஆவணங்கள்

பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் பொறித்த எண்களுடன் ஒத்திருக்க வேண்டும். ஒன்றிய அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைக் கொண்டு பதிவுக் காலம், காப்பீடு, புகைச் சான்று, கடன் பதிவு ஆகியவற்றையும், நிலுவையிலுள்ள போக்குவரத்து அபராதங்களையும் சரிபார்க்கலாம்.

கடனில் வாங்கிய வண்டி எனில் சான்றில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடன் தீர்ந்தது என்ற வாய்ச்சொல் போதாது. படிவம் 35-உம் நிறுவனத்தின் தடையின்மைக் கடிதமும் வேண்டும். உரிமையாளர் இறந்துவிட்டிருந்தால், வாரிசு முதலில் படிவம் 31 மூலம் தம் பெயருக்கு மாற்றிய பின்னரே விற்பது முறை. ஒன்றுக்கு மேற்பட்ட வாரிசுகள் இருந்தால் மற்றவர்களின் இசைவும் தேவைப்படும்.

வேற்று மாநில வண்டிகளின் மலிவு பெரும்பாலும் தோற்றமே. வரி வேறுபாட்டால் புதுச்சேரிப் பதிவு வண்டிகள் சென்னையில் காணப்படுகின்றன. பழைய டீசல் வண்டிகளுக்கு உள்ள கட்டுப்பாட்டால் டெல்லி வண்டிகளும் விலை குறைந்து வருகின்றன. ஒரு மாநிலப் பதிவு வண்டியை மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும். பழைய அலுவலகத்தின் தடையின்மைச் சான்று (படிவம் 28), தமிழ்நாட்டின் ஆயுள் வரி, ஆய்வு ஆகிய செலவுகளைச் சேர்த்த பின் எஞ்சும் இலாபத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

பெயர் மாற்றமும் சட்டப் பொறுப்பும்

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 50-ஆம் பிரிவு உரிமை மாற்றத்தைப் பற்றிக் கூறுகிறது. ஒரே மாநிலத்துக்குள் விற்பவர் 14 நாட்களுக்குள்ளும், வாங்குபவர் 30 நாட்களுக்குள்ளும் பதிவு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். படிவம் 29 விற்பனை அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். பழைய பதிவுச் சான்று, நடப்புக் காப்பீடு, புகைச் சான்று, முகவரிச் சான்று ஆகியவை இணைக்கப்படும்.

படிவங்களில் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு பெயர் மாற்றாமலே ஓட்டுவது பரவலான பழக்கம். இதன் விளைவு இருவரையும் தாக்கும். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில் கூறியது. அவ்வழக்கில் கார் பலர் கைமாறியிருந்தும், விபத்து இழப்பீட்டுப் பொறுப்பு பதிவு பெற்ற உரிமையாளர் மீதே விழுந்தது. வாங்கியவருக்கோ, தம் பெயரில் இல்லாத வண்டிக்குச் சேத இழப்பீடு பெறுவதும், அதை மீண்டும் விற்பதும் சிக்கலாகும். ஆகவே விலையில் சிறு தொகையைப் பெயர் மாற்றம் முடியும் வரை நிறுத்தி வைப்பது, அல்லது இருவரும் ஒன்றாகவே விண்ணப்பத்தை முடிப்பது நல்ல நடைமுறை.

பணத்தை வங்கி வழியே செலுத்த வேண்டும். வண்டி கைமாறும் நாளையும் நேரத்தையும் மீட்டரில் உள்ள கிலோமீட்டரையும் குறித்து இருவரும் கையொப்பமிட்ட ஒப்படைப்புச் சீட்டு (டெலிவரி நோட்) வேண்டும். அதற்கு முந்தைய அபராதமும் விபத்தும் யாருடைய பொறுப்பு என்பதை அச்சீட்டு காட்டும். டோக்கன் தொகை கொடுக்கும்போதே, ஆவணத்தில் குறை கண்டால் தொகை திரும்ப வரும் என்று எழுதி வாங்குவது பின்னாள் சண்டையைத் தவிர்க்கும். இரண்டு சாவிகளையும் கேட்டுப் பெற வேண்டும். விற்பவரின் ஃபாஸ்டேக் மூடப்பட்டு, வாங்கியவர் பெயரில் புதியது பெறப்பட வேண்டும்.

காப்பீடு

மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் பொது இடத்தில் வண்டி ஓட்டுவது குற்றம். இதன் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் முதல் நடைமுறைக்கு வந்த விகிதப்படி, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஆண்டுக்கு 2,094 ரூபாய். 1,000 முதல் 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், வரி தனி.

வண்டி கைமாறும்போது மூன்றாம் நபர் காப்பு வாங்குபவருக்கும் தொடரும் எனச் சட்டத்தின் 157-ஆம் பிரிவு கொள்கிறது. ஆனால் சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பு தானாக மாறாது. வாங்கியவர் 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்திடம் விண்ணப்பித்துத் தம் பெயருக்கு மாற்ற வேண்டும். இழப்பீடு கோராமைத் தள்ளுபடி வண்டியைச் சேர்ந்ததன்று, ஆளைச் சேர்ந்தது. விற்பவர் அதைத் தம் அடுத்த காருக்கு எடுத்துச் செல்லலாம். அந்த வேறுபாட்டுத் தொகையை வாங்கியவர் கட்ட நேரிடும். வெள்ளமும் புயலும் வரும் ஊரில், வண்டியின் மதிப்பு மிகக் குறைவாக இருந்தாலன்றி, மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுப்பது சிக்கனம் ஆகாது.

வாங்கிய பின்

முதல் வாரத்திலேயே எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், காற்று ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் ஆகியவற்றை மாற்றிவிட்டால் பழைய கணக்கு முடிந்து புதிய கணக்கு தொடங்கும். ஆறு ஆண்டு கடந்த டயர்களை, பட்டன் தேயாமல் இருந்தாலும், வெடிப்புக்குச் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு ரசீதையும் ஒரே உறையில் சேர்த்து வைப்பது, பின்னர் விற்கும்போது விலையைக் காக்கும்.

கடலோரத்தில் வசிப்போர் மேற்பகுதியை மட்டுமின்றி அடிப்பகுதியையும் சக்கர வளைவுகளையும் நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவ வேண்டும். ஈரமான வண்டியின் மேல் உறை போட்டால் உப்பும் ஈரமும் உள்ளேயே தங்கும். காய்ந்த பிறகே மூட வேண்டும். கதவின் அடியில் உள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன் வைப்பர், பிரேக், டயர், பேட்டரி ஆகியவற்றைச் சரிபார்ப்பது நலம். நீர் தேங்கிய சாலையில் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் ஸ்டார்ட் செய்யாமல் தள்ளி ஓரம் கட்டுவது எஞ்சினைக் காப்பாற்றும்.

விலகிவர வேண்டிய நிலைகள்

விலை எவ்வளவு குறைந்தாலும் சில நிலைகளில் வாங்காமல் திரும்புவதே நன்மை: சேசிஸ் எண் பொருந்தாதது அல்லது அழிக்கப்பட்டது, அடிச்சட்டம் அரித்தது, வெள்ளத்தில் முழுகியதன் தடயம், கடன் தீர்ந்ததற்குக் கடிதம் இல்லாதது, மெக்கானிக்கிடம் காட்ட விற்பவர் மறுப்பது, ‘இன்றே முடிக்காவிட்டால் வேறு ஆள் வாங்கிவிடுவார்’ என்ற அவசரம். சென்னையில் இதே வகைக் கார் அடுத்த வாரமும் விற்பனைக்கு வரும். கைவிட்ட வண்டிக்காக இழப்பது சோதனைக் கூலி மட்டுமே. தவறான வண்டியை வாங்கினால் இழப்பது பல ஆண்டுச் சேமிப்பு.